கூண்டில்லாத பூனை வளவு

அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பக்கத்துக் கடற்கரைகளில் கரைவலை ஏறும் நேரம் வாடிகளைச் சுற்றிப் பூனைகள் கூடிவிடும். கழித்து வீசும் மீனுக்காக ஏழெட்டுப் பூனைகள் சண்டையில்லாமல் அருகருகே குந்தியிருக்கும். நமக்கு அது கண்ணுக்குப் பழகிய காட்சி. ஆனால் பூனை எங்கிருந்து வந்தது என்று அறிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம்.

வீட்டுப் பூனைகளும் காட்டுப் பூனைகளுமாக 979 விலங்குகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2007இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியக் காட்டுப் பூனையின் வழித்தோன்றல்கள் என்று அது காட்டியது. அந்தக் காட்டுப் பூனை ஒரு தனியன். தனியே வேட்டையாடும், தன் எல்லைக்குள் இன்னொன்றைச் சேர்க்காது. இலங்கையின் சதுப்புநிலங்களில் வாழும் மீன்பிடிப் பூனையும் அப்படித்தான். வீட்டுப் பூனை மட்டும், தானியக் களஞ்சியமும் எலியும் மீன்கழிவும் ஓரிடத்தில் குவிந்த மனிதக் குடியிருப்புகளுக்கு வந்து, தன் இனத்தோடு கூடி வாழப் பழகிக்கொண்டது. அந்தக் கூட்டத்தின் நடுவில் இருப்பவை தாய், மகள், சகோதரி என்ற பெட்டைப் பூனைகள். ஒருத்தியின் குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பாள். வாலை நிமிர்த்திக்கொண்டு ஒரு பூனை இன்னொன்றிடம் வந்தால், நட்பாக வருகிறேன் என்று பொருள். வளர்ந்த காட்டுப் பூனைகளிடம் இந்தச் சைகையைக் காண்பது அரிது.

ஆனாலும் இந்தச் சமூக வாழ்வில் ஒரு குறை உண்டு. நாய்கள் சண்டைபோட்டபின் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சமாதானமாகும். பூனையிடம் அந்த வழக்கம் ஏறத்தாழ இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே தீர்வு, விலகிப் போய்விடுவது: மரத்தில் ஏறும், கூரைக்குத் தாவும், பெட்டிக்குள் ஒளியும். கூண்டு பறித்துவிடுவது அந்தத் தீர்வைத்தான். சோறும் தண்ணீரும் வைத்தாலும் இழப்பு இழப்புத்தான்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே தெளிந்தன. மற்றவற்றின் பதற்றம் ஆறக் கூடுதல் நாள் எடுத்தது. 2014இல் வெளியான இந்த ஆய்வு சின்னதுதான். ஆனால் பதற்றம் பூனைக்கு வெறும் மனக்கஷ்டம் அல்ல. பூனைகளைத் தாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நரம்புக்குள் உறங்கிக் கிடக்கும். பூனை மிரண்டால் அது விழித்துக்கொள்ளும். தும்மலும் கண்புண்ணும் திரும்பி வந்து பக்கத்துக் கூண்டுக்கும் பரவும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பார்லியர் என்ற ஊருக்கு அருகே கிங்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பூனை வளவைப் பார்க்க வேண்டும். லினீயா லட்டான்சியோ என்ற பெண் 1992இல் தொடங்கியது. 12 ஏக்கர் நிலத்தில் நூற்றுக்கணக்கான பூனைகள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. கொல்வதும் இல்லை, கூண்டும் இல்லை. தான் குடியிருந்த பெரிய வீட்டையே பூனைகளுக்கு விட்டுவிட்டு, அதே வளவில் சிறிய வீடொன்றுக்கு அவர் மாறிக்கொண்டார். மரமும் திண்ணையும் ஏணியுமாக ஒவ்வொரு பூனைக்கும் விலகிப் போக ஓர் இடம் இருப்பதால்தான் அத்தனை பூனைகளால் ஒன்றாக வாழ முடிகிறது.

ஹவாயின் லனாய்த் தீவில் உள்ள வளவு வேறொரு தேவையில் பிறந்தது. அங்கே 'ஊவாஊ' என்ற கடற்பறவை மலைச்சரிவில் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரேயொரு முட்டை இடுகிறது. கட்டாக்காலிப் பூனைகள் அதை வேட்டையாடின. பூனைகளைக் கொல்லாமல் பிடித்து, வேலியடைத்த திறந்த வளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே 600க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பறவையும் பிழைத்தது, பூனையும் பிழைத்தது. நம் வயலோரங்களில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடுவதைப் பார்த்தவர்கள் இந்த வேலியின் அருமையை உடனே உணர்வார்கள்.

பூனைக்கென்று ஓர் இடம் ஒதுக்குவது நேற்று வந்த எண்ணம் அல்ல. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் ஒரு தோட்டத்தையே பூனைகளுக்காக வக்பு செய்தார். தோட்டம் பின்னாளில் கைமாறி அழிந்தது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் வாழ்ந்தபோது, அஸர் நேரத்தில் காதியின் முற்றத்துக்கு இறைச்சிக் கழிவு வந்ததையும் ஊர்ப் பூனைகள் கூடித் தின்றதையும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் பள்ளிவாசல்களில் அடிக்கடி சொல்லப்படுவது. உணவு கொடுக்கவில்லை என்பதோடு, தானே இரை தேட அவிழ்த்தும் விடவில்லை என்பதும் அங்கே அவள் குற்றம். அந்த இரண்டாவது பாதியை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, இங்கே அப்படி ஒரு வளவு அமைந்தால் முதலில் முட்டிக்கொள்ளும் சிக்கல். பெட்டைப் பூனையின் இனப்பெருக்கத்தைப் பகல் நீளம் ஆள்கிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது தானாக அடங்கிவிடும். நம் கரையோரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆகவே இங்கே பூனைக்கு ஓய்வு மாதம் கிடையாது. நான்கைந்து மாதக் குட்டியே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். கடுவனோடு சேர்ந்த பிறகுதான் முட்டை வெளிவரும் என்பதால், சேர்க்கை வீணாவதும் குறைவு.

கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்று இலங்கை 2006இல் முடிவெடுத்தபோதும் கருத்தடையும் தடுப்பூசியுமே அதற்கு மாற்றாக வைக்கப்பட்டன. பூனைக்கும் வேறு வழியில்லை. சத்திரசிகிச்சை இல்லாமல் கதவைத் திறக்கும் வளவு எத்தனை ஏக்கர் என்றாலும் விரைவில் நிரம்பிவிடும். பிறகு நெரிசலே அதைக் கூண்டாக்கிவிடும். ஆகவே காணியும் வேலியும் தேடுவதற்கு முன்னால், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை வாடி வாடியாக, சந்தை சந்தையாக மிருக வைத்தியரை அழைத்துப் போக வேண்டும். பிடித்து, மயக்கி, கருத்தடை செய்து, நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியும் போட்டு, மயக்கத்திலேயே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது உலகெங்கும் உள்ள முறை. அந்த வெட்டுக் காதைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். அதே பூனையை இரண்டாம் முறை பிடித்து மிரட்ட வேண்டிய தேவை யாருக்கும் வராது.