அனுபவப்பட்டவரின் துணை

புற்றுநோய், கடுங்காயம் முதலியவற்றால் குடல் பாதிக்கப்பட்டால், சிலருக்குச் சத்திரசிகிச்சை மூலம் வயிற்றில் துவாரமிட்டுக் குடலின் முனையை வெளியே தைத்துவிடுவர். மலம் அதன் வழியாக ஒரு பையில் சேரும். இது தொற்றாது. ஆயினும், பொதுக் கிணற்றையும் பொது மலசலகூடத்தையும் பாவிக்கும் இடங்களில் பலர் வெட்கத்தால் ஒடுங்கிவிடுகின்றனர்.

அமெரிக்காவில் நோர்மா கில் என்ற பெண்ணுக்கு 1954இல் இச்சிகிச்சை நடந்தது. குணமடைந்தபின் அவர் தம்மைப் போன்ற நோயாளரைச் சந்தித்து, பை ஒட்டும் முறையைக் காட்டி, தைரியமூட்டினார். அதன் பயனைக் கண்ட அவருடைய வைத்தியர் 1958இல் கிளீவ்லாண்ட் கிளினிக் வைத்தியசாலையில் அவருக்கு அப்பணியையே வழங்கினார். இன்று பல நாடுகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற தாதியர் உள்ளனர்.

அனுபவப்பட்ட ஒருவர் உங்களுக்கு எதைச் சொல்லித்தருவார்? பை மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்க வேண்டும். சிவந்த குடல்முனையைத் தொட்டால் நோகாது. சுற்றியுள்ள தோலைத் தண்ணீரால் கழுவி, ஈரம் போக ஒற்றியபின் பையை ஒட்ட வேண்டும். நெல்மூட்டை தூக்குவதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

குடல்முனை கறுத்தாலோ, வயிற்றுவலியுடன் மலம் வராது நின்றாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் தாதியிடம், "இதே சிகிச்சை பெற்ற ஒருவருடன் பேச வழிசெய்வீர்களா?" என்று கேளுங்கள். நீங்கள் தேறியபின், புதிதாக வருபவருக்கு நீங்களே துணையாகலாம்.