சிறைத்தீவிலிருந்து பேராதனைக்கு: ஒரு பூங்காவின் மீட்பு

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கண்டி மன்னரின் அரச பூங்காவிலிருந்தே தொடங்குவர். கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் அது அவ்வாறு விளங்கியது உண்மையே. ஆயின் இன்றைய பூங்காவின் நிறுவன வரலாறு கொழும்பு கொம்பனித்தெருவிலேயே தொடங்குகின்றது. வாவி சூழ்ந்த அந்நிலத்தில் ஒல்லாந்தக் கும்பனியார் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தனர். அடிமைத்தீவு எனப் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயர் அதனால் வந்தது. அச்சிறைத்தீவிலே, சேர் யோசெப் பாங்சின் ஆலோசனைப்படி, 1810 அளவில் ஆங்கிலேயர் ஒரு தாவரத் தோட்டத்தை அமைத்து, அதற்கு இலண்டன் கியூ பூங்காவின் பெயரைச் சூட்டினர். தோட்டம் மறைந்து நெடுங்காலமாயினும் கியூ வீதி என்ற பெயர் அங்கு நிலைத்துள்ளது.

1813இல் களுத்துறைக்கும் 1821இல் பேராதனைக்கும் தோட்டம் பெயர்ந்தது. மகாவலி கங்கை வளைந்தோடும் நிலத்தில் அதனை அமைத்த அலெக்சாந்தர் மூன், இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை 1824இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டே மறைந்தார். பின்னர் கவனிப்புக் குன்றியது. 1844இல் ஜோர்ஜ் கார்ட்னர் அத்தியட்சராகப் பொறுப்பேற்றபோது 147 ஏக்கரில் ஏறத்தாழ 40 ஏக்கரே பயிரிடப்பட்டிருந்தது. அதிலும் பலா, தென்னை, மரக்கறி என்பனவே மிகுதி.

இந்நிலையைப் 'பாழ்' என்பது தாவரவியலாளரின் மொழி. பலாவும் தென்னையும் காய்க்கும் நிலம் பசித்தவன் கண்ணுக்குப் பாழாகத் தோன்றாது. இதனை நாம் மிகைப்படுத்தலும் ஆகாது; அந்நிலம் குடியானவனுக்கு உரியதாக இருக்கவில்லை. எனவே நாம் எழுப்ப வேண்டிய வினா வேறு: மீட்பு ஏன் 1844இல் நிகழ்ந்தது?

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டு நிலங்களைப் பெருந்தோட்டங்களுக்குத் திறந்துவிட்டது. கோப்பி மலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அக்காலத்தில் முதலாளிகளுக்கு விதையும் நாற்றும் மட்டுமன்றி விஞ்ஞானமும் தேவைப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட பூங்கா அத்தேவையின் வழியே உயிர்பெற்றது எனலாம். கார்ட்னர் 1849இல் இறந்தபின் துவைற்ஸ் 1880 வரை பொறுப்பிலிருந்தார். 1861இல் ஹக்கலையில் சிங்கோனாவும் 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பரும் இந்நிறுவனத்தின் வழியாகவே வேரூன்றின. 1869இல் கோப்பி இலைகளில் தோன்றிய நோயைக் கண்டு மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் துவைற்ஸே. அங்கு பார்க்லி அப்பங்கசுக்குப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. கோப்பி வீழ்ந்தது. முதலாளி தேயிலைக்கு மாறினான். தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த தொழிலாளிக்கு மாறிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

மீட்பின் உழைப்பு யாருடையது என்பதே எஞ்சும் வினா. கார்ட்னருக்குப் பூங்காவினுள் நினைவுச் சின்னம் உண்டு. எஞ்சிய நூறு ஏக்கரைத் திருத்திய கைகளை அத்தியட்சர்களின் ஆண்டறிக்கைகளிலேதான் நாம் தேட வேண்டும். இலத்தீன் பெயர்களுக்காக இதுவரை வாசிக்கப்பட்ட அவ்வறிக்கைகளை, கூலிச் செலவு கூறும் வரிகளுக்காகவும், மலையக நாட்டார் பாடல்களோடு இணைத்தும் வாசிப்பது, பூங்காவுக்கு அயலிலேயே இயங்கும் நம் பல்கலைக்கழகத் தமிழாய்வாளர் மேற்கொள்ளக்கூடிய பணியாகும்.