71-64: ஒரே ஸ்கோரில் தோற்ற இரண்டு கென்டக்கி அணிகள்... கோப்பை யாருக்கு?

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் இன்றும் ஓயாத வாக்குவாதம் இது: கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 2012 அணி பெஸ்ட்டா, 2015 அணியா? இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே, ஜான் காலிபாரி.

2015 அணி தொடர்ந்து 38 ஆட்டங்களை வென்றது. சீசன் தொடக்கத்தில் ஐந்து ஐந்து பேராக இரண்டு செட் பிரித்து, மாற்றி மாற்றி இறக்கினார் காலிபாரி. இன்றைய என்பிஏ நட்சத்திரம் டெவின் புக்கருக்கே பெஞ்ச்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

39-வது ஆட்டம், தேசியத் தொடரின் அரையிறுதி. கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து மூன்று முறை, 35 விநாடிக்குள் முறையாக ஷாட் அடிக்க முடியாமல் பந்தை இழந்தது. விஸ்கான்சினிடம் 71-64 என்று தோல்வி. நாக்-அவுட் என்பதால் அத்தோடு கதை முடிந்தது.

2012 அணியும் இதே 71-64 ஸ்கோரில் வாண்டர்பில்ட்டிடம் தோற்றதுதான். ஆனால் அது தேசியத் தொடருக்கு முன்பு நடந்த மண்டல இறுதிப்போட்டி. திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. அதன்பின் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை.

கான்சஸுக்கு எதிரான இறுதிப்போட்டியில் ஆந்தனி டேவிஸ் பத்து ஷாட் அடித்து ஒன்றைத்தான் உள்ளே போட்டார். சொதப்பல்தான். ஆனாலும் 16 ரீபவுண்ட், 6 பிளாக். சிறந்த வீரர் விருதும் அவருக்கே! கென்டக்கி 67-59 என்று கோப்பையை வென்றது.

ஆள் பலத்தில் 2015 அணி ஒரு படி மேல். ஆனால் ஷாட் விழாத நாளிலும் ஆட்டத்தைக் காப்பாற்ற ஒரு டேவிஸ் அதில் இல்லை.