வைகையின் போக்கில் மூன்று நாள்

ஜெர்மனி போகும் நம் ஊர்க்காரர்கள் பலர் ரைன் நதிக்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிடுகிறார்கள். பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. தூரம் ஆற்றின் இரு கரையிலும் தண்டவாளம் ஓடுகிறது, நடுவே பயணிகள் கப்பல் போகிறது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், மேலே பழைய கோட்டைகள். 2002-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விவரம் தெரிந்தவர்கள் நீரோட்டத்தோடு கப்பலில் இறங்கி, ரயிலில் திரும்புவார்கள். எதிரோட்டத்தில் கப்பலுக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

மலை, திராட்சை, ரயில், படகு எல்லாம் மதுரைக்காரர்களுக்கும் இருக்கின்றன. அவற்றை ஒரே பயணமாகக் கோத்துப் பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. வைகையில் படகு விட முடியாது, உண்மைதான். ஆனால் வைகைக்கு வரும் தண்ணீரில் படகு ஓடுகிறது. அங்கிருந்து தொடங்கிக் கடல் வரை போய்விடலாம்.

கிளம்பத் தை மாதம் தோதானது. மழை ஓய்ந்திருக்கும், கம்பம் பள்ளத்தாக்கு பச்சை மாறாமல் இருக்கும். முதல் நாள் காலை மதுரையில் போடி ரயிலைப் பிடிக்க வேண்டும். 90 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதை தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூனிலும்தான் திறந்தது. உசிலம்பட்டியைத் தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய் வரும். பாறையை வெட்டிய பள்ளத்துக்குள் ரயில் நுழைந்து வெளியே வரும்போது மேற்குத் தொடர்ச்சி மலை எதிரே நிற்கும். ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் நடுவில் ரயில் வைகையைக் கடக்கும். ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அந்தப் பத்து நிமிடம் எழுந்து வாசல் பக்கம் நின்றாவது பார்த்துவிடுங்கள்.

தேனியில் இறங்கி பஸ்ஸில் குமுளி. அன்று இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை ஏழரை மணித் தேக்கடிப் படகுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வெயில் ஏறிய பிறகு கரையில் விலங்குகள் அதிகம் தென்படாது. தேக்கடி ஏரி என்று நாம் சொல்வது பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை அது. அப்போது மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே கறுத்து நிற்கின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடையைக் கரைக்குத் திரும்பும் வரை கழற்றாதீர்கள், குழந்தைகளுக்கு நீங்களே கட்டிவிடுங்கள்.

மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய அந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்புகிறது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான். குமுளி மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது, சரிவில் ராட்சதக் குழாய்கள் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். சற்று முன்பு நீங்கள் படகில் சுற்றி வந்த ஏரியின் நீர்தான் அவற்றுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-ஐ ஒட்டிப் போனால், இந்தப் பக்கத்து ஊர்கள் அவருக்கே பொங்கல் வைப்பதையும் காணலாம். அப்புறம் கம்பம், உத்தமபாளையம். சாலையோரம் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. அந்த நீரைச் சுமக்கும் முல்லையாறு கூடவே வந்து, தேனியைத் தாண்டி வைகையில் கலந்து, வைகை அணைக்குப் போகிறது. 1959-ல் திறந்த அந்த அணையில் 71 அடி வரை நீர் தேக்கலாம். தேனியிலிருந்து மாலை ரயிலில் மதுரை திரும்பிவிடலாம். அணையிலிருந்து ஆறு மட்டும் வடக்கே வளைந்து சோழவந்தான் வழியாக வந்து சேரும்.

தைப்பூசத்தன்று மதுரையில் இருக்க வாய்த்தால் மூன்றாம் நாளை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் வலம் வருவார்கள். அந்தக் குளத்துக்கும் வைகைதான் தண்ணீர் தருகிறது.

மூன்றாம் நாள் ராமேஸ்வரம் ரயில். இடது பக்க ஜன்னல் வேண்டும். சிலைமான், திருப்புவனம் வரை ஆறு அந்தப் பக்கம்தான், தென்னந்தோப்புகளுக்குப் பின்னால். கீழடி அருங்காட்சியகம் பார்க்க விரும்புகிறவர்கள் மதுரையில் கூடுதலாக ஒரு நாள் தங்கி பஸ்ஸில் போய் வந்துவிடலாம். மானாமதுரை மண்ணில்தான் கச்சேரி மேடைகளுக்குக் கடம் செய்கிறார்கள். பரமக்குடி தாண்டுவதற்குள் ஆறு மெலிந்துவிடும். வழிநெடுக மணல் போய், சீமைக்கருவேலம் மண்டிய படுகையைப் பார்க்க மனம் வலிக்கும். பார்த்தே ஆக வேண்டும். மலையில் அத்தனை தண்ணீரையும் கண்டுவிட்டு இங்கே வருகிறவருக்குத்தான் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றும். மிஞ்சிய நீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. அதற்கும் மேல் வெள்ளம் வந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்கருகே கடலைத் தொடும்.

ரயில் ஆற்றங்கரைப் பக்கம் போகாமல் பாம்பனுக்குப் போகிறது. 1914-ல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும். பழைய பாலம் வந்த காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று பயணம் தொடர்ந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயிலும் கப்பலும் கைகோத்த போக்குவரத்து நமக்குப் புதிதல்ல.

ரைன் கரையில் படகுத் துறையும் ரயில் நிலையமும் பல ஊர்களில் நடை தூரத்தில் இருக்கின்றன. இங்கே தேனி ரயிலுக்குக் குமுளி பஸ் காத்திருப்பதில்லை, நீங்களே ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போக வேண்டும். ரயில் வந்து கால் மணி நேரத்தில் நிலைய வாசலிலிருந்து குமுளிக்கு ஒரு பஸ், மாலை ரயிலைப் பிடிக்கும்படி குமுளியிலிருந்து ஒரு பஸ் என்று விட்டால் போதும். தெற்கு ரயில்வேயும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. அதுவரை, தேக்கடியில் படகிலிருந்து இறங்கியதும் குமுளியில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு மணிக்குள் மலை இறங்கிவிடுங்கள். மாலை ரயிலைத் தவறவிட்டால் தேனியிலிருந்து மதுரைக்கு பஸ் உண்டு. ஆனால் கணவாயை ரயிலிலிருந்து மீண்டும் பார்க்க முடியாது.