பள்ளி மேடைக்கும் ஒரு திருப்பணி

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட நாடகம் உலகப் புகழ் பெற்றது. ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், மன்ஹாட்டனுக்கு எதிரே உள்ள நார்த் பெர்கன் ஊரின் பொது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், 1979-இல் வெளிவந்த 'ஏலியன்' திரைப்படத்தை மேடை நாடகமாக நடித்தனர். விண்வெளிக் கப்பலும் வந்தது. அதற்குள் புகுந்த கொடிய பிராணியும் வந்தது. காட்சிப் பொருள்களில் பெரும்பகுதி, பிறர் வேண்டாமென்று கழித்த சாமான்களைக் கொண்டு மாணவர்களும் ஆசிரியர்களும் தம் கையாலேயே செய்தவை. செலவு சில ஆயிரம் டாலருக்குள் அடங்கிவிட்டது. ஆங்கில ஆசிரியர் பெர்ஃபெக்டோ குவெர்வோ நாடகத்தை இயக்கினார். ஓவிய ஆசிரியர் ஸ்டீவன் டிஃபெண்டினி மேடையமைப்பைக் கவனித்துக்கொண்டார்.

நாடகத்தின் படங்கள் எங்கும் பரவின. திரைப்படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் பாராட்டுக் கடிதம் எழுதியதோடு, நாடகத்தை மீண்டும் நடத்த 5,000 டாலர் உதவினார். ஊர் மேயரின் அறக்கட்டளையும் அதே அளவு தர முன்வந்தது. ஏப்ரல் 26-ஆம் தேதி நாடகம் மறுபடி அரங்கேறியபோது, படத்தின் கதாநாயகி சிகோர்னி வீவர் நேரில் வந்து மாணவர்களை வாழ்த்தினார்.

கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எல்லாப் பள்ளிக்கும் ஒரு ரிட்லி ஸ்காட் கடிதம் எழுதமாட்டார். மற்றப் பள்ளிகளின் நாடகங்கள் யார் பணத்தில் நடக்கின்றன? நம் குழந்தைகளில் பலர் இத்தகைய பொதுப் பள்ளிகளில் படிப்பதால், சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

செலவு எங்கே போகிறது?

இந்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு நாடகங்கள் போடுவது பொதுவான வழக்கம். இலையுதிர் காலத்தில் ஒரு வசன நாடகம். வசந்தத்தை ஒட்டி ஒரு இசை நாடகம். முதற் செலவு உரிமைத் தொகை, அதாவது ராயல்டி. மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கான்கார்ட் தியேட்ரிகல்ஸ் போன்ற நிறுவனங்களிடம் அனுமதி பெற்றுத்தான் புகழ்பெற்ற நாடகங்களை நடத்த முடியும். மாணவர் நாடகம் என்பதால் இலவசம் கிடையாது. எத்தனை காட்சிகள், அரங்கில் எத்தனை இருக்கைகள், டிக்கெட் விலை என்ன என்பவற்றைப் பார்த்துக் கட்டணம் விதிப்பார்கள். இசை நாடகமானால் வசனப் புத்தகங்களையும் இசைக் குறிப்புகளையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். திரை எழுவதற்கு முன்பே இது ஆயிரக் கணக்கில் போய்விடும். அதன் பிறகு மரம், வண்ணம், உடை, விளக்கு, மைக் என்று பட்டியல் நீள்கிறது.

பள்ளி நிர்வாகம் இதையெல்லாம் தராதா என்று கேட்கலாம். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடச் செலவின் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. அந்த வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல், சில விலக்குகள் தவிர, உயர்த்தக் கூடாது என்று 2010-இல் சட்டம் வந்தது. ஆசிரியர் சம்பளமும் மருத்துவக் காப்புச் செலவும் பஸ் செலவும் அந்த வரம்பைப் பார்த்து ஏறுவதில்லை. கணக்கு இடிக்கும்போது கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ வெட்ட முடியாது. கத்திரி முதலில் விழுவது பள்ளி நேரத்துக்குப் பிந்தைய நிகழ்ச்சிகளின் மேல்தான். அவற்றிலும் கால்பந்துக்குப் பரிந்து பேச ஊரே திரளும். நாடகத்துக்குப் பேச வருபவர் சிலரே.

ஆகவேதான் பெற்றோர்கள் 'பூஸ்டர் கிளப்' என்னும் ஆதரவுக் குழு அமைத்து நிதி திரட்டுகிறார்கள். வீட்டில் சுட்ட கேக், பிஸ்கட் விற்பனை. சனிக்கிழமை கார் கழுவுதல். நாடக மலரில் கடைக்காரர்களின் விளம்பரம். இடைவேளையில் சிற்றுண்டி விற்பனை. சிறுதுளி பெருவெள்ளம் என்ற கணக்குத்தான்.

நம்மவர் வீட்டு நிலை

நம்மவர் வீடுகளுக்கும் இந்தப் பெட்டிகள் வருகின்றன. முப்பது சாக்லேட் விற்க வேண்டும் என்று பையன் பெட்டியோடு வருவான். அலுவலகத்தில் போய் விற்கக் கூச்சப்படும் தகப்பனார் எல்லாவற்றையும் தாமே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் நாடகம் நடக்கும் மாலையில் அவர் அரங்கில் இருப்பதில்லை. "நாடகம் எதற்கடா? மார்க்கைப் பார்" என்பதோடு அவர் பங்கு முடிந்துவிடுகிறது.

நாடகம் படிப்புக்கு எதிரி என்ற எண்ணம் நம் முன்னோரிடம் எப்போதும் இருந்ததன்று. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அதற்கான செலவைத் தனவந்தர் ஒருவர் தலையில் சுமத்துவதில்லை. தலைக்கட்டு வரி போட்டு வீட்டுக்கு வீடு வசூலிப்பது ஊர் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாரதக் கதையை அறிந்தது அந்த வரியால்தான். நகரத்திலோ, 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் அவர் நீதிபதியாகவும் இருந்தார். படித்தவர்களும் வக்கீல்களும் அரிதாரம் பூசி மேடை ஏறினார்கள். அதனால் அவர்கள் உத்தியோகம் கெட்டுவிடவில்லை.

மருத்துவம் சொல்வது

திக்குவாய் உள்ள பலருக்குப் பாடும்போதும், பலரோடு சேர்ந்து படிக்கும்போதும், வேறொருவராக நடித்துப் பேசும்போதும் திக்கல் குறைகிறது. மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. நாடகம் திக்குவாய்க்கு மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் "என்னாலும் பேச முடியும்" என்று ஒரு குழந்தை முதன்முதலாகக் காணும் இடமாக மேடை அமைவது உண்டு. 2024-இல் காலமான நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் சிறு வயதில் திக்குவாயினால் எட்டு ஆண்டுக் காலம் ஏறக்குறையப் பேசாமலே இருந்தவர். மிச்சிகன் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவரை வகுப்பின் முன் கவிதை வாசிக்க வைத்தார். அந்தக் குரல் பின்னர் உலகமே அறிந்த குரலாயிற்று.

புதிதாகக் குடியேறி வந்து, தன் உச்சரிப்பைப் பிறர் கேலி செய்வார்களோ என்று வகுப்பில் வாய் திறக்காத குழந்தைக்கும் இது பொருந்தும். மேடை ஏற விரும்பாத குழந்தைக்கும் அங்கே வேலை உண்டு. விளக்கை இயக்குவதும், உடை தைப்பதும், திரையின் பின்னால் நின்று நேரம் தவறாமல் சாமான் மாற்றுவதும் பொறுப்பைக் கற்பிக்கும் பாடங்களே.

செய்யக்கூடியவை

முதலாவது, நன்கொடை கொடுக்கும் முறை. ஆதரவுக் குழு 501(சி)(3) அங்கீகாரம் பெற்றிருந்தால், செலவுகளை வகை வகையாகக் காட்டி வரி செலுத்துவோர் நன்கொடைக்கு வரிக்கழிவு பெறலாம். டிக்கெட் வாங்கிய பணத்துக்கு அது பொருந்தாது. பெரிய நிறுவனங்கள் பல, தம் ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாகத் தாமும் அதே தொகையைக் கொடுக்கின்றன. ஊழியர் செய்யும் தொண்டுக்கு மணிக்கணக்கில் பணம் தருவனவும் உண்டு. நம்மவர் பலர் இத்தகைய நிறுவனங்களில் வேலை செய்தும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். நூறு டாலர் இருநூறாகும் வழி இது.

இரண்டாவது, விளம்பரம். நாடக மலரில் ஒரு பக்கம் எடுப்பது மருத்துவமனை, மளிகைக் கடை, கணக்காளர் அலுவலகம் நடத்தும் நம்மவருக்குப் பெரிய செலவன்று. ஊராருக்கு அவர்களை அறிமுகப்படுத்தும் வழியும் அதுவே.

மூன்றாவது, உரிமைத் தொகை இல்லாத நாடகங்களை எடுத்துச் சொல்வது. ஷேக்ஸ்பியருக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. அவ்வாறே காளிதாசனின் சாகுந்தலத்தை ஆர்தர் ரைடர் 1912-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்; அதன் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. சூத்திரகரின் மிருச்சகடிகத்தை அவர் மொழிபெயர்த்தது 1905-இல். 'சிறு மண் வண்டி' என்ற பொருள்படும் பெயரில் அந்நாடகம் 1924-இல் நியூ யார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸில் அரங்கேறியிருக்கிறது. குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த கிராண்ட் தெருவில் இருந்த அரங்கம் அது. நாடக ஆசிரியரிடம் இதைச் சொல்லி, உடைக்குப் பழைய பட்டுப் புடவைகளையும் கொடுத்தால் மறுப்பவர் இருக்கமாட்டார்.

நான்காவது, நேரம். அரங்கு அமைக்கும் சனிக்கிழமைகளில் ஆணி அடிக்கவும் வண்ணம் பூசவும் ஆள் தேவை. கும்பாபிஷேக வேலையில் தோள் கொடுத்த நம் சங்கத்தாருக்கு இது புதிதன்று.

ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்கு, ஒரு மாலைப் பொழுதுக்காக, நம்மவர் மனம் கோணாமல் பெருந்தொகை செலவிடுகிறார்கள். அது தவறன்று, அந்தக் கலை வாழ வேண்டும். ஆனால் அதில் ஒரு சிறு பங்கு பள்ளி மேடைக்குப் போனால், பல குழந்தைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். அவர்களில் நம் வீட்டுக் குழந்தைகளும் இருப்பார்கள்; பெயர் தெரியாத அடுத்த வீட்டுக் குழந்தைகளும் இருப்பார்கள். கோயில் கட்டக் கைகொடுத்த ஊருக்கு நம்மவர் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் நாடக ஆசிரியரை ஒரு முறை சந்தித்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டால் போதும். மீதியை அவரே சொல்வார். நாடகம் நடக்கும் நாளில் குடும்பத்தோடு போய் முன்வரிசையில் அமர்வதற்கு மறக்க வேண்டாம். திரை விலகும்போது குழந்தையின் கண் முதலில் தேடுவது பெற்றோரைத்தான்.