கிளம்பாத லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன்

பொத்தானை அழுத்தினால் பழைய லேப்டாப் கிளம்பவில்லை. உடனே பையில் போட்டுக்கொண்டு பக்கத்து சர்வீஸ் கடைக்கு ஓடுகிறோம். ஆனால் இந்த மாதிரிப் பழுது பல நேரம் சார்ஜரிலோ ராமிலோ மதர்போர்டிலோதான் இருக்கும். படங்களும் சான்றிதழ்களும் வங்கி விவரங்களும் உள்ள ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சிக்கலும் இங்கேதான். இயங்கும் கணினியைக் கொடுப்பவர், தனிப்பட்ட படங்களை அழித்துவிட்டு, மின்னஞ்சல் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுக்கலாம். கிளம்பாத கணினியைக் கொடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே" என்பதும் ஆறுதல் ஆகாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், என்க்ரிப்ட் செய்யாத கோப்புகள் அப்படியே திறந்துகொள்ளும்.

முதலில் வீட்டிலேயே பாருங்கள்

விளக்கே எரியவில்லையா? வேறு பிளக்கில் செருகிப் பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் வகை என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் செருகிக் கிளப்பிப் பாருங்கள். பேட்டரி பழுதாகியிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். சார்ஜரை இரவல் வாங்கினால் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அளவு உங்கள் லேப்டாப் கேட்பதே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? திரையின் மேல் சாய்வாக டார்ச் அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால், திரையின் பின்விளக்கில்தான் கோளாறு. டிவியிலோ மானிட்டரிலோ இணைத்துப் படம் வருகிறதா என்றும் பாருங்கள். அங்கும் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ராம். அதைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினாலே சரியாகிவிடுவதும் உண்டு.

கம்பெனி லோகோ வரை வந்து நின்றுவிடுகிறதா? விண்டோஸிலோ டிஸ்க்கிலோ கோளாறு. டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி கிளப்பிப் பார்க்காதீர்கள். மிச்சமிருக்கும் தரவும் போய்விடலாம்.

அடிப்பகுதி உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

டிஸ்க் வீட்டில் இருக்கட்டும்

மதர்போர்டு, திரை, சார்ஜிங் பின் ஆகியவற்றைச் சரிபார்க்க உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. அது இல்லாமலே பயாஸ் திரை வரை வரும். கடைக்காரருக்கு அது போதும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில், சில திருகுகளைக் கழற்றினாலே 2.5 அங்குல டிஸ்க் கையில் வந்துவிடும். கழற்றத் தெரியாவிட்டால் கடையில் உங்கள் கண்ணெதிரே கழற்றித் தரச் சொல்லுங்கள். அதை யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் இணைத்து, வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்கே வீட்டில் இருக்கும்போது பாஸ்வேர்டு எழுதிக் கொடுக்கவும் தேவையில்லை. விண்டோஸின் பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால், மதர்போர்டை மாற்றிய பின் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுச் சீட்டு முக்கியம்

வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஜாப் ஷீட்டில் மாடல், சீரியல் எண், ராம் அளவு, கொடுத்த பொருள்கள், நீங்கள் சொன்ன பழுது, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் இருக்க வேண்டும். "கேட்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் ராமைப் படமெடுத்து வைத்தால், நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு மட்டமானதை மாட்டியிருந்தால் நிரூபிக்கலாம். "போர்டு போச்சு" என்றால், சிப் லெவல் சர்வீஸ் செய்யும் இன்னொரு கடையில் கேட்காமல் புது போர்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்து தருவது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதும், நம்பிக்கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். ரசீதின் பின்னால் "தரவு இழப்புக்குப் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருந்தாலும், புகார் செய்யும் உரிமை அதனால் போய்விடாது.

முதலில் கடைக்கு எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அனுமதியின்றிக் கோப்புகளை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்கீழ் வருகிறது. 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்தரங்கப் படம் வெளியானால் 66இ பிரிவும் சேரும். படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காமல் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

சரிசெய்ய ஆகும் செலவு லேப்டாப்பின் மதிப்பைத் தாண்டினால், பழைய இரும்புக் கடையில் போடாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அப்போதும் டிஸ்க்கை உடன் அனுப்பாதீர்கள். விரைவு ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.