சாய்ந்து மிதிப்பதா, நிமிர்ந்து மிதிப்பதா?

தூத்துக்குடியில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். மற்றபடி ஊர் முழுக்கச் சமதரை. சைக்கிளுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது கடினம், ஆனி ஆடியில் மேல்காற்று கிளம்பும்வரை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், அவர் மேல் மோதுவது 35 கி.மீ. காற்று. எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், காற்றில்லாத நாளைவிட அது ஐந்து மடங்கைத் தாண்டிவிடும். காலையில் துறைமுகத்துக்கு முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் அதே காற்று, சாயங்காலம் ஊர் திரும்பும்போது நெஞ்சை மறிக்கும்.

இதற்கு மேல்நாடுகளில் ஒரு பதில் உண்டு: ரிக்கம்பெண்ட் டிரைக். முன்னால் இரண்டு சிறிய சக்கரம், பின்னால் ஒன்று, நடுவே சாய்வு இருக்கை. காலை முன்னே நீட்டி, முதுகைச் சாய்த்தபடி மிதிக்க வேண்டும். உடம்பு தாழ்ந்திருப்பதால் காற்று அவ்வளவாகப் பிடிக்காது. மணிக்கட்டில் பாரம் இல்லை, சீட் வலி இல்லை, கீழே விழும் பயமும் இல்லை.

சாய்ந்து மிதிப்பது புதுச் சங்கதியும் அல்ல. 1933 ஜூலையில் பிரான்சின் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே வடிவமைத்த இருசக்கரச் சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி, 1914 முதல் நின்ற சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாத வண்டி கடைகளிலும் பரவவில்லை.

சரி, அந்த டிரைக்கைத் துறைமுகச் சாலையில் இறக்கிப் பார்ப்போம். நிலக்கரி லாரி, மரத்தடி லாரி, கன்டெய்னர் டிரெய்லர் என்று ஓயாமல் ஓடும் சாலை அது. டிரைக்கின் இருக்கை தரையிலிருந்து ஓர் அடி உயரம். ஓட்டுபவரின் தலை லாரி டயரின் உயரத்தைத்தான் எட்டும். டிரெய்லர் டிரைவரின் ஜன்னலோ ஆளுயரத்துக்கு மேல். பக்கத்தில் வந்து நின்றால் கண்ணில் படாது. பின்னால் ஒரு கம்பில் கொடி கட்டிக்கொள்வது வெளிநாட்டு வழக்கம். ஒற்றைக் கொடியை நம்பி டிரெய்லருக்குப் பக்கத்தில் போகச் சொல்ல மனம் வராது. சாதாரண சைக்கிளில் உட்கார்ந்தவரின் தலை, நடந்துபோகிறவரின் தலையை விடத் தாழ்வதில்லை. எதிரே வருவது அவருக்கும் தெரியும், அவரும் பிறர் கண்ணில் படுவார்.

அகலமும் இடிக்கிறது. டிரைக் ஏறக்குறைய 80 செ.மீ. அகலம், மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம் வேண்டும். விடியுமுன்னே உப்பளத்துக்குக் கிளம்பும் தொழிலாளிக்குப் பாத்தி வரப்பில் கிடைப்பது ஒரே தடம். ஹேண்டிலில் தூக்குவாளி, கேரியரில் தண்ணீர்க் கேன் சகிதம் சைக்கிள் அதில் போய்விடும். முடியாத இடத்தில் இறங்கி உருட்டலாம்.

உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாதாரண சைக்கிளின் செயின் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். டிரைக்கின் பெடல் வண்டியின் மூக்கிலும் இழுக்கும் சக்கரம் வாலிலும் இருப்பதால், செயின் அதைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாது. இந்தக் கடற்கரையில் இரண்டு வாரம் எண்ணெய் காட்டாத செயினில் துரு ஏறும். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் போட்டால் நிலக்கரித் தூசி அப்பும். சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கான 20 அங்குல டயர் பல டிரைக்குகளுக்குப் பொருந்தும் என்பது ஆறுதல். முன்சக்கர ஸ்டியரிங் மூட்டு தேய்ந்தால் தெருமுனைப் பஞ்சர் கடை கைவிரித்துவிடும். விலையும் லேசல்ல: வெளிநாட்டு டிரைக் என்றால் சுங்கவரி தனி.

ஆக, அன்றாட வேலைக்கு நிமிர்ந்த சைக்கிள்தான். எதிர்காற்றுக்கு ஹேண்டிலைச் சற்று இறக்கி, முழங்கையை மடக்கிக் குனிந்தாலே பாதி நியாயம் கிடைத்துவிடும்.

ஆனால் உடம்பின் சமநிலை தவறியவர்கள், முதுகு தேய்ந்தவர்கள், இருசக்கரத்தைப் பயந்து விட்டுவிட்ட முதியவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு உயரமான சீட் வைத்த மூன்று சக்கர சைக்கிளை வாங்கிக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இருசக்கரம்போல் அது திருப்பத்தில் சாயாது. வேகமாக ஒடித்தால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். சாய்வு டிரைக் தரையை ஒட்டியிருப்பதால் அவ்வளவு எளிதில் கவிழாது. லாரி நுழையாத ஸ்பிக் நகர், தெர்மல் நகர் போன்ற குடியிருப்புத் தெருக்களிலோ, விடிகாலை முத்துநகர் கடற்கரைப் பக்கமோ அந்தத் தாழ்வால் ஆபத்து குறைவு. அங்கே ஓட்டுவதற்கு மட்டும் என்றால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வண்டி டிரைக்தான்.